உளுந்து ஏன் பிழைக்கிறது?

காவிரி டெல்டாவில் சம்பா நெல் முற்றித் தலைசாயும் தை மாதத்தில், அறுவடைக்கு இன்னும் ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே, விவசாயிகள் வயலில் இறங்கி நெற்பயிரின் ஊடே உளுந்தை விசிறி விதைக்கிறார்கள். உழவு கிடையாது, பாத்தி கிடையாது, பாசனமும் கிடையாது. மண் மெழுகு பதத்தில் இருந்தால் போதும், விதை ஒட்டிக்கொண்டு முளைத்துவிடும். நெல்லை அறுத்த பிறகு தாளுக்கிடையே தலைகாட்டும் இளஞ்செடி, மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் இரவில் இறங்கும் பனியையும் வைத்துக்கொண்டே சுமார் எழுபது நாளில் காய்த்து முடித்துவிடும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் நெல் தரிசுப் பயறு என்று இதைச் சொல்வார்கள். ஆடுதுறை 3 என்ற உளுந்து ரகம் இந்தச் சாகுபடிக்கென்றே பேர்பெற்றது.

அந்த மிச்ச ஈரத்துக்குப் பங்காளிகள் நிறையப் பேர். குதிரைவாலிப் புல், அருகு, கோரை, சாரணை, கரிசலாங்கண்ணி, கீழாநெல்லி, நாய்க்கடுகு என்று வயலுக்கு வயல் பட்டியல் மாறும். அறுத்த தாளிலிருந்து மறுதாம்பாகத் துளிர்க்கும் நெல்லும் உளுந்துக்குக் களைதான். உளுந்தோ முதல் மாதத்தில் மெதுவாக வளரும் பயிர். வேரில் முடிச்சுகள் உருவாகி, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும் பாக்டீரியாக்கள் வேலையைத் தொடங்க வேண்டும். இலைகள் விரிந்து தரையை மூட வேண்டும். அதுவரை வெயில் மண்ணில் விழுந்துகொண்டே இருக்கும், களை விதைகள் அடுத்தடுத்து முளைத்துக்கொண்டே இருக்கும். விதைத்த முதல் முப்பது நாற்பது நாளைக் களைப் போட்டியின் நெருக்கடிக் காலம் என்கிறது வேளாண் அறிவியல். அந்த நாட்களில் வயலைக் களைக்கு விட்டுவிட்டால், பிறகு எவ்வளவு சுத்தமாகப் பிடுங்கிப்போட்டாலும் போன மகசூல் போனதுதான்.

கையால் எடுக்கலாமே என்றால், வரிசையாக விதைத்த இறவைப் பயிரில் களைக்கொத்துப் போட இடம் இருக்கும். விசிறி விதைத்த தரிசுப் பயறில் கால் வைத்த இடமெல்லாம் செடி. அறுவடை நேரத்தில் ஆள் கிடைப்பதும் அரிது, கிடைத்தாலும் உளுந்தின் வருமானத்தில் கூலி பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். இதில் இன்னொரு பக்கமும் உண்டு. தமிழ்நாட்டில் களையெடுப்பு காலங்காலமாகப் பெண்களின் வேலை. களை மருந்து ஒரு ஊருக்குள் நுழைந்தால் முதலில் குறைவது அவர்களுடைய கூலி நாட்கள்தான். களைக்கொல்லியின் கணக்கைப் போடுகிறவர்கள் இந்த வரியை விட்டுவிட்டுப் போடுவது நியாயம் ஆகாது.

ஆனால் இந்த அத்தியாயம் எடுத்துக்கொள்ளும் கேள்வி அதற்கும் முந்தையது. சாரணையும் செடி, உளுந்தும் செடி. இரண்டுக்கும் அகன்ற இலை, இரண்டுக்கும் இரட்டை வித்திலை, இரண்டும் ஒரே வயலில் ஒரே வாரத்தில் முளைத்தவை. இரண்டின் மீதும் ஒரே மருந்து விழுகிறது. சாரணை சாகிறது, உளுந்து ஏன் பிழைக்கிறது?

நெல்லும் கோதுமையும் மக்காச்சோளமும் பயிரிடுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் 1940-களிலேயே பெருமளவு தீர்ந்துவிட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தனித்தனியாகக் கண்டறியப்பட்ட 2,4-டி என்ற வேதிப்பொருள், செடியின் சொந்த வளர்ச்சி ஹார்மோனான ஆக்சினைப் போல நடந்துகொள்கிறது. அகன்ற இலைச் செடிகள் அதை உறிஞ்சியதும் தண்டு முறுக்கி, இலை சுருண்டு, தாறுமாறாக வளர்ந்து சாகின்றன. புல்லினத்தைச் சேர்ந்த தானியப் பயிர்கள் அதே அளவைத் தாங்கிக்கொள்கின்றன. பயிர் ஒரு குலம், களை வேறு குலம் என்பதால் கிடைத்த வசதி இது. பயறு வகைகளுக்கு அந்த வசதி கிடையாது. நெல்லுக்கு 2,4-டி அடித்த தெளிப்பானைச் சரியாகக் கழுவாமல் உளுந்துக்கோ பருத்திக்கோ பயன்படுத்தினால், டேங்கின் அடியில் ஒட்டியிருந்த மிச்சமே இலைகளைச் சுருட்டிவிடும். அகன்ற இலைப் பயிருக்குள் அகன்ற இலைக் களையைக் கொல்வதற்குச் செடியின் உடம்புக்குள் இன்னும் நுணுக்கமான ஒரு வேறுபாட்டைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

அப்படிப் பிடிக்கப்பட்ட முதல் வேறுபாடுகளில் ஒன்றின் வேர், வயலுக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. உடம்பு கொழுப்பை எப்படி எரிக்கிறது என்று அறிய விரும்பிய ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரான்ஸ் நூப், 1904-இல் ஓர் உபாயம் செய்தார். கொழுப்பு அமிலம் என்பது கார்பன் அணுக்கள் கோத்த நீண்ட சங்கிலி. அதன் வால் நுனியில், உடம்பால் உடைக்க முடியாத ஒரு பென்சீன் வளையத்தை அடையாளமாக ஒட்டி, நாய்களுக்கு உணவில் கொடுத்தார். பிறகு அவற்றின் சிறுநீரில் என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தார். சங்கிலியில் கார்பன் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் ஒரு பொருள் மிஞ்சியது, ஒற்றைப்படையாக இருந்தால் வேறொரு பொருள் மிஞ்சியது. ரயிலின் மறுமுனையிலிருந்து இரண்டிரண்டு பெட்டியாகக் கழற்றிக்கொண்டே வருவதைப் போல, உடம்பு கொழுப்புச் சங்கிலியை ஒவ்வொரு தடவையும் இரண்டு கார்பனாக வெட்டுகிறது என்ற முடிவுக்கு நூப் வந்தார். பீட்டா ஆக்சிஜனேற்றம் என்று இன்று கல்லூரிப் பாடத்தில் வரும் வினை இதுவே.

நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1947-இல், நியூயார்க் மாநிலத்தின் பாய்ஸ் தாம்ப்சன் ஆய்வு நிலையத்தில் சினர்ஹோம், சிம்மர்மன் என்ற இருவர் 2,4-டி-யின் பக்கச் சங்கிலியை ஒவ்வொரு கார்பனாக நீட்டிப் பார்த்தார்கள். இரட்டைப்படைச் சங்கிலிகள் செடியைப் பாதித்தன, ஒற்றைப்படைச் சங்கிலிகள் பாதிக்கவில்லை. நாய்க்குள் நடப்பதே செடிக்குள்ளும் நடக்கிறது. இரண்டிரண்டாக வெட்டப்படும்போது இரட்டைப்படைச் சங்கிலி கடைசியில் 2,4-டி-யாகவே வந்து நிற்கும். ஒற்றைப்படைச் சங்கிலியோ வீரியமில்லாத ஒரு பீனாலாகிப்போகும்.

இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்து வை கல்லூரியில் பணியாற்றிய லூயிஸ் வெய்ன், 1950-களில் இந்தக் கண்டுபிடிப்பை எடுத்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டார்: எல்லாச் செடிகளும் இந்த வெட்டும் வேலையை ஒரே வேகத்தில் செய்கின்றனவா? செய்யவில்லை. நான்கு கார்பன் சங்கிலி கொண்ட 2,4-டிபி தன்னளவில் செடிக்குப் பெரிய தீங்கு செய்யாத பொருள். அதைத் தெளித்தபோது, திஸில் என்ற முட்செடி போன்ற களைகள் இரண்டு கார்பனை வெட்டி எறிந்து, தங்களுக்குள்ளேயே 2,4-டி-யைத் தயாரித்துக்கொண்டு செத்தன. குளோவர், குதிரைமசால் போன்ற பயறுக் குடும்பச் செடிகள் அந்த வெட்டை மிக மெதுவாகவே செய்ததால் பிழைத்தன. இதே கொள்கையில் பிறந்த எம்சிபிபி பட்டாணி வயல்களுக்குப் போனது, 2,4-டிபி குதிரைமசாலுக்கும் நிலக்கடலைக்கும் சோயாவுக்கும் போனது. மருந்தை வயலில் தெளித்து எது சாகிறது என்று பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், செடியின் செரிமானத்தைப் புரிந்துகொண்டு மருந்தை வடிவமைத்த ஆரம்ப முயற்சிகளில் இதற்குத் தனி இடம் உண்டு. நூப்பின் நாய்களுக்கும் கென்ட்டின் குளோவர் மேய்ச்சல் நிலத்துக்கும் இடையில் ஐம்பது ஆண்டுகள். அடிப்படை ஆராய்ச்சியால் என்ன பயன் என்று கேட்கிற இடங்களில் எல்லாம் எடுத்துச்சொல்ல வேண்டிய கதை இது.

தமிழ்நாட்டுப் பயறு வயல்களில் இன்று புழங்கும் மருந்துகள் வேறு. அவை ஒவ்வொன்றும் அதே கேள்விக்கு ஒவ்வொரு விடையை வைத்திருக்கின்றன.

பெண்டிமெத்தலின் தரும் விடை, இடம். மஞ்சள் நிறத்தில் இருக்கும் இந்த மருந்தை, விதைத்த மூன்று நாளுக்குள், ஈரமான மண்ணின் மேல் தெளிக்க வேண்டும். மண் துகள்களில் இறுகப் பிடித்துக்கொண்டு, மேல்பரப்பில் மெல்லிய அடுக்காக அது தங்கிவிடும். செல் ஒன்று இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துச் செல்லும் நுண்குழல்கள் உருவாவதை இது தடுக்கிறது. களை விதைகளில் பெரும்பாலானவை கடுகிலும் சிறியவை. மேல்மண்ணிலேயே முளைக்கும் அவற்றின் வேர்நுனியும் குருத்தும் மருந்து அடுக்குக்குள்ளேயே செல்பிரிய முயன்று, முடியாமல் வீங்கி நின்றுபோகின்றன. உளுந்து விதை பெரியது, சில சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றப்பட்டது. அதன் வேர் மருந்துக்குக் கீழே ஓடுகிறது. வித்திலையில் சேமித்த உணவைக் கொண்டு குருத்து அந்த அடுக்கைக் கடந்து வெளியே வந்துவிடுகிறது. மருந்துக்கும் பயிருக்கும் இடையிலான அந்தச் சில சென்டிமீட்டர்தான் பாதுகாப்பு.

அப்படியென்றால் நெல் தரிசில் என்ன ஆகும்? அங்கே விதை மண்ணின் மேலேயே கிடக்கிறது, அதன் தலைக்கு மேல் நெற்பயிர் குடைபிடித்து நிற்கிறது. மருந்து தரையை முழுதாக எட்டாது, எட்டினாலும் விதை கிடக்கும் இடமும் மருந்து தங்கும் இடமும் ஒன்றாகிவிடும். இறவை உளுந்துக்கு நம்பகமான ஒரு மருந்து டெல்டாவின் தரிசுப் பயறுக்கு ஒத்துவராததன் காரணம் இதுதான். பெயரளவில் ஒரே பயிர், ஒரே மருந்து. விதைக்கும் முறை மாறியதும் விடை பொய்த்துவிடுகிறது.

குயிசலோஃபாப் எத்தில் தரும் விடை, வம்சாவளி. இது முளைத்த பிறகு, களை மூன்று நான்கு இலை விட்ட பருவத்தில், இலைமேல் தெளிக்கும் மருந்து. செடிகள் கொழுப்பு அமிலம் தயாரிக்கும் முதல் படியில் அசிட்டைல் கோஏ கார்பாக்சிலேஸ் என்ற நொதி வேலை செய்கிறது. பச்சையத்தைத் தாங்கும் பசுங்கணிகங்கள் கோடானுகோடி ஆண்டுகளுக்கு முன் சுதந்திரமாக வாழ்ந்த பாக்டீரியாக்கள். பெரும்பாலான செடிகளில், உளுந்து உட்பட, பசுங்கணிகத்தில் உள்ள இந்த நொதி இன்றும் அந்த பாக்டீரிய வடிவத்திலேயே, தனித்தனிப் புரதத் துண்டுகள் சேர்ந்த கூட்டாக இருக்கிறது. புல்லினம் பரிணாமத்தின் ஏதோ ஒரு கட்டத்தில் அதைக் கைவிட்டு, ஒரே நீளமான புரதத்தாலான வேறு வடிவத்தை அங்கே கொண்டுவந்து வைத்தது. குயிசலோஃபாப் அந்தப் புது வடிவத்தில்தான் போய்ப் பொருந்துகிறது. குதிரைவாலிப் புல்லின் நடுக்குருத்து அழுகி, ஒரு வாரம் பத்து நாளில், இழுத்தால் கையோடு வந்துவிடுகிறது. பக்கத்தில் நிற்கும் உளுந்துக்கு ஒன்றும் ஆவதில்லை. இந்த விடையில் பயிருக்கு ஆபத்து மிகக் குறைவு.

ஆனால் கோரைக்கும் ஒன்றும் ஆகாது. பார்வைக்குப் புல்தான். தண்டை விரலுக்கிடையில் உருட்டிப் பார்த்தால் முக்கோணம் தட்டும். கோரை புல்லினத்தைச் சேர்ந்ததே அல்ல, அதனிடம் அந்தப் புது வடிவ நொதியும் இல்லை. புல்லுக்கு அடித்த மருந்து கோரையில் பலிக்கவில்லை, கடைக்காரர் போலி மருந்தைத் தந்துவிட்டார் என்று வருத்தப்படும் விவசாயிக்கு யாராவது இந்த முக்கோணத்தைத் தொட்டுக்காட்டியிருக்க வேண்டும்.

மூன்றாவது மருந்து இமாசெத்தாபிர். அகன்ற இலைக் களையையும், பல புற்களையும், ஓரளவுக்குக் கோரையையும் பயறுக்குள்ளேயே மடக்கும் மருந்து என்பதால் இந்தியாவில் உளுந்து, சோயா, நிலக்கடலை வயல்களில் இது பரவலாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் அமெரிக்கன் சயனமிட் நிறுவனத்தில் மரினஸ் லோஸும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய இமிடசோலினோன் என்ற வேதிக் குடும்பத்தில் பிறந்தது. வேலின், லியூசின், ஐசோலியூசின் என்ற மூன்று அமினோ அமிலங்களைச் செடி தயாரிக்க ஒரு பொது நொதி தேவை. ஏஎல்எஸ் என்று அதைச் சுருக்கிச் சொல்கிறார்கள். இமாசெத்தாபிர் அந்த நொதியின் வாயை அடைக்கிறது. புரதம் செய்ய மூலப்பொருள் இல்லாமல் குருத்து நின்றுபோகிறது. மனிதருக்கும் மாட்டுக்கும் இந்த நொதி கிடையாது, அந்த மூன்றையும் நாம் உணவிலிருந்தே பெறுகிறோம். ஏக்கருக்குச் சுமார் 20 கிராம் வீரியப் பொருளே போதும் என்பதிலிருந்து இதன் உக்கிரத்தை ஊகிக்கலாம்.

உளுந்திடமும் அதே நொதி இருக்கிறது. மருந்து அதையும் அடைக்கிறது. தெளித்த சில நாளில் வயல் லேசாக மஞ்சளிப்பதை டெல்டா விவசாயிகள் பார்த்திருப்பார்கள். அப்போது இலைக்குள் ஒரு பந்தயம் நடக்கிறது. உளுந்தும் சோயாவும் நிலக்கடலையும் மருந்து மூலக்கூறில் ஓர் ஆக்சிஜன் அணுவைச் சேர்த்து, அதன் தலையில் ஒரு சர்க்கரையை ஒட்டி, வீரியமற்றதாக்கி ஒதுக்கிவிடுகின்றன. களைகளுக்கும் அந்த வேலை ஓரளவு தெரியும், ஆனால் அவை மிக மெதுவாகச் செய்கின்றன. மருந்து செரிந்து முடிவதற்குள் குருத்து செத்துவிடுகிறது. ஆக இந்த மூன்றாவது விடை, வேகம். மூன்றிலும் நூலிழையில் நிற்பது இதுதான். வறட்சியிலோ குளிரிலோ வாடி நிற்கும் பயிரில் இந்தச் செரிமானம் தளரும், மஞ்சளிப்பு நீளும். அளவைக் கூட்டினாலும், தெளிக்கும்போது ஒரே சாலில் இருமுறை நடந்தாலும் அதே கதை. விதைத்த 15 முதல் 20 நாளுக்குள் தெளிக்கச் சொல்வதற்குக் காரணம், அந்த வயதில் களை சிறியது, அதன் செரிமானம் நிச்சயமாகப் பின்தங்கும். முப்பது நாளைத் தாண்டி முழங்கால் உயரம் நிற்கும் சாரணையிடம் அந்த நிச்சயம் இல்லை.

பயறு என்று ஒரே சொல்லில் சொல்வதாலேயே எல்லாம் ஒரே மாதிரி செரிக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. கொண்டைக்கடலையும் மைசூர்ப் பருப்பும் இமாசெத்தாபிரை வேகமாகச் செரிக்காதவை. முளைத்த பிறகு தெளித்தால் குருத்து சுருங்கி, பூப்பது தள்ளிப்போகும். இந்தியாவின் மாபெரும் கொண்டைக்கடலைப் பரப்புக்கு அகன்ற இலைக் களையைப் பயிருக்குள் மடக்கும் நல்ல மருந்து கிடைக்காமல் இருப்பது இதனால்தான். செரிக்கத் தெரியாத பயிருக்கு நொதியையே மாற்றித் தர முடியுமா என்று ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் முயன்றார்கள். ஏஎல்எஸ் நொதியில் ஓர் அமினோ அமிலம் மாறினாலே மருந்து ஒட்டாமல் போய்விடும். அப்படித் திடீர் மாற்றம் நேர்ந்த செடிகளைப் பொறுக்கியெடுத்து, மரபணுவை வெளியிலிருந்து செலுத்தாமலே, மருந்தைத் தாங்கும் மைசூர்ப் பருப்பு ரகங்களை உருவாக்கினார்கள். ஆஸ்திரேலியாவில் விளையும் மைசூர்ப் பருப்பில் இன்று பெரும்பங்கு இவ்வகை ரகங்களே. கான்பூர் இந்தியப் பயறு ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகளும் கொண்டைக்கடலையில் இத்தகைய தாங்குதிறனைத் தேடிவருகிறார்கள்.

மருந்து களையோடு முடிந்துபோவதும் இல்லை. இமாசெத்தாபிர் மண்ணில் நெடுநாள் தங்கக்கூடியது. அமில மண்ணிலும் ஈரம் குறைந்த மண்ணிலும் இன்னும் மெதுவாகச் சிதையும். அமெரிக்காவில் இந்த மருந்தின் உறையிலேயே, தெளித்த நிலத்தில் சர்க்கரை பீட் விதைக்க 40 மாதம் பொறுத்திருக்க வேண்டும் என்று அச்சிட்டிருந்தார்கள். உளுந்துக்கு அடித்த மருந்து அடுத்த பட்டத்துப் பயிரைக் கேட்டுக்கொண்டு அடிக்கப்பட வேண்டும் என்பதை மருந்துக் கடையில் யாரும் சொல்வதில்லை.

ஓர் அமினோ அமிலம் மாறினால் மைசூர்ப் பருப்பு தப்பிக்கும் என்றால், களையும் அப்படித் தப்பிக்கலாம் அல்லவா? தப்பித்தது. ஏஎல்எஸ் நொதியைத் தாக்கும் மற்றொரு மருந்து, குளோர்சல்ஃப்யூரான், அமெரிக்கக் கோதுமை வயல்களுக்கு 1982-இல் வந்தது. ஐந்தே ஆண்டில், 1987-இல், ஐடஹோ மாநிலத்தில் காட்டு லெட்யூஸ் என்ற களை அதற்கு அசையாமல் நின்றது. களைக்கொல்லி மருந்துக் குடும்பங்களிலேயே மிக அதிகக் களையினங்கள் எதிர்ப்பு பெற்றிருப்பது இந்த நொதியைத் தாக்கும் குடும்பத்துக்கு எதிராகத்தான்.

பயறு வகைகளில் இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துப் படித்தது அமெரிக்க சோயா. 1990-களில் அங்கே இமாசெத்தாபிர் குடும்பம் தளரத் தொடங்கிய நேரத்தில், 1996-இல், மான்சாண்டோ நிறுவனம் கிளைஃபோசேட்டைத் தாங்கும் மரபணு மாற்ற சோயாவைக் கொண்டுவந்தது. கிளைஃபோசேட் பாகுபாடில்லாமல் எல்லாப் பச்சையையும் கொல்லும். லூசியானாவின் மருந்துத் தொழிற்சாலைக் கழிவில் உயிரோடிருந்த ஒரு பாக்டீரியாவிடமிருந்து எடுத்த மரபணு, சோயாவை மட்டும் காப்பாற்றியது. உளுந்து ஏன் பிழைக்கிறது என்ற கேள்விக்கு மனிதரே எழுதிய விடை அது. ஒரே மருந்து, எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம், பயிருக்குக் கவலையில்லை. 1997-இல் அமெரிக்க சோயாப் பரப்பில் 17 சதவீதமாக இருந்த களைக்கொல்லி தாங்கும் ரகங்கள் 2001-இல் 68 சதவீதமாகவும், 2014-இல் 94 சதவீதமாகவும் பெருகின. மற்ற மருந்துகளைப் பலர் மறந்தே போனார்கள்.

2000-இல் டெலவேர் மாநிலத்து சோயா வயல்களில் குதிரைக்களை என்ற செடி கிளைஃபோசேட்டுக்குச் சாக மறுத்தது. அடுத்து வந்ததுதான் பூதம். பால்மர் அமராந்த், நம் தண்டுக்கீரைக்கும் குப்பைக்கீரைக்கும் ஒன்றுவிட்ட உறவு. நல்ல வெயிலில் ஒரே நாளில் ஐந்து சென்டிமீட்டர் வளரும். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு, அதனால் மரபணுக் கலப்பு ஓயாது. ஒரே பெண் செடி சில லட்சம் விதைகளை உதிர்க்கும். 2005 வாக்கில் ஜார்ஜியா மாநிலத்தில் இது கிளைஃபோசேட்டைத் தாங்கியதை உறுதிசெய்தார்கள். எப்படித் தாங்குகிறது என்று 2010-இல் கண்டறிந்தபோது ஆய்வாளர்களே வியந்தார்கள். மருந்து தாக்கும் நொதியின் வடிவம் மாறவில்லை. அதைச் செய்யும் மரபணுவை அந்தச் செடி பலமடங்கு பிரதியெடுத்து வைத்திருந்தது. சில செடிகளில் 160 மடங்குக்கும் மேல். மருந்து எவ்வளவு நொதியை அடைத்தாலும் மிச்சம் இருந்துகொண்டே இருந்தது.

இதற்கு மாற்றாக, டைகாம்பா என்ற பழைய ஹார்மோன் வகை மருந்தைத் தாங்கும் சோயாவை உருவாக்கி 2016-இல் விற்பனைக்கு விட்டார்கள். டைகாம்பா தெளித்த பிறகும் ஆவியாகி எழுந்து நகரும் இயல்புள்ளது. அந்த மரபணு இல்லாத சாதாரண சோயாவோ அதன் மிகச் சிறு அளவுக்கே இலை கிண்ணமாகக் குவிந்துவிடும். 2017-இல் மட்டும் சுமார் 36 லட்சம் ஏக்கர் சோயா இப்படிப் பாதிக்கப்பட்டதாக மிசௌரி பல்கலைக்கழகத்தின் கெவின் பிராட்லி தொகுத்த கணக்கு சொல்கிறது. பக்கத்து வயல்காரர்கள் பகையானார்கள். ஆர்க்கன்சா மாநிலம் அந்தப் பருவத்தின் நடுவிலேயே மருந்தைத் தற்காலிகமாகத் தடைசெய்தது. சோயாவில் இதைத் தெளிக்கத் தந்த அனுமதியை நீதிமன்றங்கள் 2020 ஜூனிலும் 2024 பிப்ரவரியிலும் இரண்டு முறை ரத்து செய்தன. பயிர் ஏன் பிழைக்கிறது என்பதற்கு நிறுவனம் விடை வைத்திருந்தது. பக்கத்து வயல் பயிர் ஏன் பிழைக்க வேண்டும் என்பதற்கு விடை வைத்திருக்கவில்லை.

ஆஸ்திரேலியாவின் அனுபவம் இன்னும் நுட்பமானது. மேற்கு ஆஸ்திரேலியாவின் மணற்பாங்கான நிலங்களில் கோதுமையையும், லூப்பின் என்ற பயறு வகையையும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். லூப்பினுக்குள் வரும் ரைகிராஸ் புல்லை, குயிசலோஃபாப்பின் உறவு மருந்துகளைக் கொண்டு ஆண்டுக்கணக்கில் அடித்தார்கள். ரைகிராஸ் நொதியை மாற்றிக்கொண்டு தப்பியது ஒரு வகை. வேறு சில ரைகிராஸ் கூட்டங்கள் மருந்தைச் செரிக்கும் நொதிகளைப் பெருக்கிக்கொண்டன. உளுந்துக்கும் சோயாவுக்கும் உரிய அந்தச் செரிமான வித்தையைக் களையே கைக்கொண்டுவிட்டது. இந்த வகை எதிர்ப்பு மோசமானது. செரிக்கும் திறன் வந்துவிட்ட களை, அந்த வயலில் ஒருமுறைகூட அடிக்காத மருந்தையும் செரித்துவிடலாம். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் பவுல்ஸ் தலைமையில் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சி மையம் உருவானது இப்படித்தான்.

அங்கே விடையை வேதியியலுக்கு வெளியே தேடியவர்களில் டார்க்கன் என்ற ஊரின் விவசாயி ரே ஹாரிங்டன் ஒருவர். பயிர் அறுவடைக்கு வரும்போது ரைகிராஸின் விதைகளில் பெரும்பகுதி கதிரிலேயே இருக்கும். அறுவடை இயந்திரம் அவற்றையும் அறுத்து, தூற்றி, பதரோடு சேர்த்து வயல் முழுக்கத் தானே விதைத்துக்கொண்டு போகும். ஹாரிங்டன் அந்தப் பதரை அரைக்கும் ஓர் இயந்திரத்தை உருவாக்கினார். அதற்குள் போகும் களை விதைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மறுபடி முளைப்பதில்லை. அரவை இயந்திரத்தைச் செரிக்க எந்த நொதியும் கிடையாது.

இந்தியாவுக்கும் இது புதிதல்ல. ஹரியானா, பஞ்சாப் கோதுமை வயல்களில் கோதுமையைப் போலவே தோன்றும் ஃபாலரிஸ் என்ற புல், பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஐசோபுரோட்யூரான் ஒன்றையே குடித்து, 1990-களின் தொடக்கத்தில் அதற்குப் பழகிவிட்டது. மாற்றாக வந்த குளோடினாஃபாப்புக்கும் பிறகு எதிர்ப்பு வந்தது. குளோடினாஃபாப்பும் உளுந்து விவசாயியின் குயிசலோஃபாப்பும் ஒரே நொதியைத் தாக்கும் பங்காளிகள்.

இந்தக் கண்ணோட்டத்தோடு டெல்டாவின் ஒரு வருடத்தைப் பார்க்க வேண்டும். சம்பா நெல்லில் இன்று மிகவும் புழங்கும் களைக்கொல்லிகளில் ஒன்று பிஸ்பைரிபேக் சோடியம். நேரடி விதைப்பு பெருகப் பெருக அதன் தேவையும் பெருகிவருகிறது. அது தாக்குவது ஏஎல்எஸ் நொதியை. நெல்லுக்கு அடிக்கும் பைரசோசல்ஃப்யூரானும் அதே நொதியைத்தான். மார்கழி முடிந்து அதே வயலில் உளுந்து வரும்போது அடிக்கும் இமாசெத்தாபிரும் அதே நொதியைத்தான். நெல்லில் புல்லுக்கு அடிக்கும் சைஹாலோஃபாப்பும் உளுந்தில் அடிக்கும் குயிசலோஃபாப்பும் அப்படியே ஒரு ஜோடி. விவசாயி பயிரை மாற்றியிருக்கிறார், கம்பெனியை மாற்றியிருக்கிறார், டப்பாவின் நிறமும் மாறியிருக்கிறது. நெல்லிலும் தரிசிலும் மாறாமல் நிற்கும் குதிரைவாலிப் புல்லின் கணக்கில் மட்டும் எதுவும் மாறவில்லை, ஒரே அடி வருடத்துக்கு இரண்டு மூன்று முறை விழுகிறது. ஐடஹோவின் லெட்யூஸுக்கு ஐந்து ஆண்டு போதுமாக இருந்ததை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

இதைத் தவிர்ப்பதற்கு விலையுயர்ந்த தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு களைக்கொல்லி உறையிலும் அது எந்த நொதியை அல்லது வினையைத் தாக்கும் வகை என்பதற்கான குறியீட்டைப் பெரிதாக அச்சிடுவது கட்டாயம். எழுத்தறிவு குறைந்தவரும் சென்ற பருவத்து டப்பாவையும் இந்தப் பருவத்து டப்பாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். இந்திய உறையில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று முக்கோணங்கள் இருக்கின்றன. அவை அந்த மருந்து மனிதருக்கு எவ்வளவு நஞ்சு என்பதைச் சொல்பவை, அதுவும் அவசியமான செய்தியே. அதன் பக்கத்தில் ஓர் எண்ணைச் சேர்த்தால், சம்பாவுக்கு ஏஎல்எஸ் நொதியைத் தாக்கும் 2-ஆம் வகை அடித்தவர் உளுந்துக்கும் 2-ஆம் வகையைக் கேட்கும்போது கடைக்காரரே நிறுத்திக் கேட்க முடியும். அந்த எண் வரும்வரை, டப்பாவின் பெரிய எழுத்துப் பெயரை விட்டுவிட்டு, கீழே சின்ன எழுத்தில் இருக்கும் வேதிப்பெயரைப் படித்து ஒரு நோட்டில் குறித்து வைப்பதே வழி. வயல் எண், பயிர், மருந்து, தேதி. அதோடு, மருந்துக்குத் தப்பி ஆங்காங்கே நிற்கும் பத்துப் பதினைந்து குதிரைவாலிச் செடிகளை விதை உதிர்வதற்கு முன் கையால் பிடுங்கி வரப்புக்கு வெளியே கொண்டுபோய்ப் போட ஒரு ஆளின் அரை நாள் கூலி. தப்பியது தற்செயலா, எதிர்ப்பா என்று அந்தச் செடியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஆய்வுக்கூடத்தில் விதையை முளைக்கவைத்து, அளவளவாக மருந்து கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.